வாடைக்காற்றோடு தெற்கே: திருவான்மியூரிலிருந்து அரிச்சல்முனை வரை

சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குக் கடலை ஒட்டியே சைக்கிளில் போகத் திட்டமிடும் நண்பர்கள் உட்கார்ந்ததும் பேச ஆரம்பிப்பது எந்த சைக்கிள், எத்தனை கியர் என்பதை. அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் முடிவாக வேண்டியது மாதம். இந்த வழியில் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் காற்றுதான், நடுவழியில் உட்கார வைப்பதும் காற்றுதான்.

பொங்கல் கழிந்து நாலைந்து நாள் ஆனபின் கிளம்பி, மாசி முடிவதற்குள் திரும்பிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் எப்போது உருவாகும் என்று சொல்ல முடியாது. பங்குனி பிறந்துவிட்டால் ராமநாதபுரம் பக்கம் காலை ஒன்பது மணிக்கே தார் சூடேறிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், மீன் ஏலக்கூடங்கள் வெறிச்சோடியிருக்கும். அப்போது கடலோர ஊர்களுக்குப் போவது திருவிழா முடிந்து பந்தலைப் பார்க்கப் போவது மாதிரி. ஆனி, ஆடியிலோ தென்மேற்குக் காற்று எதிர்த்து அடிக்கும். தை, மாசியில் மட்டும்தான் காற்று வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்து வந்து முதுகைத் தள்ளும். அதனால் வடக்கிலிருந்து தெற்கே போங்கள். ராமேஸ்வரத்தில் ஆரம்பித்து சென்னைக்கு வருகிறோம் என்று ஆசைப்பட வேண்டாம்.

ரமலான் எப்போது வருகிறது என்பதையும் நாள்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். அதிராம்பட்டினம், கோட்டைப்பட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் நோன்பு மாதத்தில் பகலில் பல சாப்பாட்டுக் கடைகள் திறக்காது. அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போடத் தேவையில்லை. பகலுக்கு வாழைப்பழமும் பன்னும் வாங்கி வைத்துக்கொண்டால் போதும். மாலையில் நோன்புக் கஞ்சி கிடைக்கும். வழிப்போக்கருக்கு இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

ஒரு நாளில் எவ்வளவு மிதிக்கலாம்

மொத்த வழி, வேதாரண்யத்தைச் சுற்றிக்கொண்டு போனால், 600 கிலோமீட்டரைத் தாண்டும். இதை ஐந்து நாளில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மைல்கல் தெரியும், ஊர் தெரியாது. பத்துப் பதினோரு நாள் ஒதுக்குங்கள். என் யோசனை ஒன்றே ஒன்றுதான்: பாதி நாள் சைக்கிளுக்கு, பாதி நாள் ஊருக்கு. காலை பதினொரு மணிக்குமேல் மிதிப்பதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டால் மற்ற முடிவுகளெல்லாம் தானாக வந்து சேரும்.

தை மாதத்தில் விடிய ஆறரை ஆகும். ஐந்தரைக்கு விளக்கோடு கிளம்பினால் முதல் ஒன்றரை மணி நேரம் காற்றே இருக்காது, அல்லது தரையிலிருந்து லேசாக வீசும். வெயில் ஏற ஏறத்தான் கடற்காற்று வலுக்கும். டீ, டிபன், படம் எடுப்பது எல்லாம் சேர்த்து மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். பதினொரு மணிக்குள் 65, 70 கிலோமீட்டர் வந்துவிடும். நடுவில் ஒரே ஒரு நீண்ட நாள், இரண்டு குறுகிய நாள் வைத்துக்கொள்ளலாம்.

டெல்டா மாவட்டங்களில் தை மாத விடியலில் மூடுபனி கனமாக இறங்கும். எதிரே வரும் லாரியின் விளக்கு ஐம்பதடியில்தான் தெரியும். பனி இருந்தால் கிளம்பாதீர்கள். சிவப்பு விளக்கு பின்னால் மினுக்கிக்கொண்டிருந்தால் போதும் என்பது வீண் நம்பிக்கை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காத்திருங்கள். ஏழரைக்குப் பனி விலகிவிடும்.

யார் யார் வருகிறீர்கள்

நான்கு பேர் நல்லது, ஆறு பேர் அதிகபட்சம். ஆறைத் தாண்டினால் டீக்கடையில் டீ வந்து சேரவே அரைமணி ஆகும். இரட்டைப்படையாக இருந்தால் லாட்ஜில் அறை பிரிப்பது சுலபம்.

வேகமாக மிதிப்பவர் முன்னால் போய்விடுவதும், மெதுவாக வருபவர் தனியாக எங்கோ பின்தங்குவதும்தான் நண்பர்கள் பயணத்தைக் கெடுக்கிறது. சண்டை பணத்தால் வருவதில்லை, இதனால்தான் வருகிறது. பின்தங்கியவர் மூச்சு வாங்க வந்து சேரும்போது, அதுவரை ஓய்வெடுத்த முன்னவர் எழுந்து "சரி, கிளம்பலாமா?" என்பார். அந்தக் கேள்விக்கு நட்பு தாங்காது. அதனால் இரண்டு வழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வந்தவர் பத்து நிமிடம் உட்காராமல் யாரும் சைக்கிளைத் தொடக்கூடாது. எந்தத் திருப்பத்திலும், பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை முன்னால் போகிறவர் திரும்பக்கூடாது. கைபேசியில் இருப்பிடம் பகிர்ந்துகொள்வதெல்லாம் இதற்கு ஈடாகாது. கோடியக்கரைப் பக்கமும் மணமேல்குடிக்குத் தெற்கேயும் சிக்னல் அடிக்கடி போய்விடும்.

பணத்துக்குப் பொதுப்பை ஒன்று. ஆளுக்கு ஒரே தொகை போட்டு, தினம் ஒருவர் கையில் வைத்துக்கொள்ளட்டும். கிராமத்து டீக்கடைகளிலும் இப்போது கியூஆர் அட்டை தொங்குகிறது. ஆனாலும் நூறு ரூபாய், ஐம்பது ரூபாய்த் தாள்கள் கையில் வேண்டும்.

ஒருவருக்கு முட்டி வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். டெல்டா முழுக்க டவுன் பஸ் ஓடுகிறது, ஆனால் சைக்கிளை ஏற்ற கண்டக்டர் சம்மதிப்பது அவர் மனநிலையைப் பொறுத்தது. எந்தச் சிற்றூரிலும் குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டி கிடைக்கும். பேரம் பேசி ஆளையும் சைக்கிளையும் அடுத்த ஊருக்கு அனுப்பிவிடலாம். வண்டியில் போனவரை மாலையில் கேலி செய்வதில்லை என்பதும் உடன்பாட்டில் இருக்கட்டும்.

பெண்கள் குழுவில் இருந்தால் கழிப்பறையைக் கணக்கில் வைத்து நிறுத்தங்களை முடிவு செய்யுங்கள். பெட்ரோல் பங்க், பேருந்து நிலையம், கொஞ்சம் பெரிய ஓட்டல் என்று மூன்றே வழி. தொண்டிக்கு வடக்கேயும் தெற்கேயும் இவை மூன்றுமே அரிது.

சைக்கிள், மூட்டை, முள்

ஓடக்கூடிய எந்த சைக்கிளும் சரிதான். பந்தய சைக்கிளின் மெல்லிய டயர் மட்டும் வேண்டாம். 32 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போடுங்கள். டியூப் வாங்கும்போது மோட்டார் சைக்கிள் வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பிரெஸ்டா வால்வுக்குக் காற்றடிக்க கிராமத்துப் பஞ்சர் கடையில் வழியில்லை. அவசரத்துக்கு 28 இஞ்சு சாதா சைக்கிள் டியூபை 700சி டயருக்குள் திணித்து ஓட்டலாம். கிராமத்துக் கடைக்காரர் கோட்டம் எடுப்பதில் கெட்டிக்காரர், ஆனால் டிஸ்க் பிரேக் கட்டையும் கியர் உதிரியும் அவரிடம் இருக்காது. புதுச்சேரியைத் தாண்டினால் அவை கிடைப்பது கஷ்டம் என்று நினைத்து நீங்களே எடுத்துப் போங்கள்.

மூட்டை எட்டு கிலோவுக்குள் நிற்கட்டும். மிதிக்க இரண்டு ஜோடி உடை, ஒரு லுங்கி, ஒரு துண்டு, ஆளுக்கு இரண்டு டியூப், பஞ்சர் சாமான், செயின் இணைப்பு, மூன்று லிட்டர் தண்ணீருக்கான பாட்டில்கள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், ஆதார் அட்டை. முதுகில் பை மாட்டாதீர்கள், கேரியரில் கட்டுங்கள். லுங்கி படுக்க மட்டுமில்லை. இறுக்கமான சைக்கிள் கால்சட்டையோடு ஊருக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைவது நன்றாக இருக்காது, மேலே கட்டிக்கொள்ள உதவும்.

மல்லிப்பட்டினம் தாண்டியதும் முள் ஆரம்பிக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் முழுக்க சாலையோரம் சீமைக்கருவேலம்தான். விறகு ஏற்றிப்போன வண்டியிலிருந்து உதிர்ந்த சுள்ளி தாரில் கிடக்கும். அதன் முள் டயரைத் துளைத்ததும் வெளியே ஒடிந்துவிடும். முனை மட்டும் ரப்பருக்குள் ஒளிந்திருக்கும். பஞ்சர் ஒட்டி மாட்டிய இரண்டாவது கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி காற்று போகும். டியூபை உருவியதும் வால்வு எந்த இடத்தில் இருந்தது என்று டயரில் அடையாளம் வையுங்கள். டியூபில் ஓட்டையைக் கண்டுபிடித்து, அதை டயரோடு பொருத்திப் பார்த்தால் முள் இருக்கும் இடம் தெரியும். டயரின் உட்புறத்தை வெறும் விரலால் தடவாதீர்கள், துண்டால் தடவுங்கள். முனை நூலை இழுத்துக் காட்டிக் கொடுக்கும். நகவெட்டியின் அலகால் பிடித்து உருவி எடுத்தபிறகுதான் உப்புத்தாளும் சொலூஷனும். மதிய ஓய்வுக்குச் சைக்கிளை மரத்தடியில் நிறுத்துகிறோம் என்று கருவேல நிழலுக்கு உருட்டிக்கொண்டு போவதைத் தவிருங்கள். நான்கு சைக்கிளும் சேர்ந்தாற்போல் உட்கார்ந்துவிடும்.

உப்புக் காற்றில் செயின் ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும். மாலையில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஈர மணலில் ஓட்டி அலையோரம் படம் எடுப்பது அழகாகத்தான் இருக்கும். அந்த மணல் பேரிங்குக்குள் போய் அமர்ந்துகொள்ளும், பத்து நாளும் அரைக்கும்.

திருவான்மியூர் முதல் சிதம்பரம் வரை

சனி, ஞாயிறில் கிளம்பாதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதிக் கார்கள் போகும் வேகத்துக்கு சைக்கிள்காரன் கண்ணில் படுவதில்லை. செவ்வாய், புதன் நல்லது. முதல் நாள் மாமல்லபுரம் வரை போதும். 50 கிலோமீட்டருக்குள்தான். சைக்கிளில் எது ஆடுகிறது, மூட்டையில் எது வேண்டாதது என்பது இங்கேயே தெரிந்துவிடும். வேண்டாததைக் கூரியரில் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி 95 கிலோமீட்டரை ஒட்டி வரும். நான்குவழிச் சாலையாக்கும் வேலை நடக்கும் வழி இது. மாற்றுப்பாதைப் பலகைகளையும் ஜல்லியையும் எதிர்பார்த்துப் போங்கள். கடப்பாக்கத்தில் இடதுபுறம் இறங்கினால் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடு, அதன் காலடியில் கழிமுகம். மரக்காணத்தில் சாலையின் இருபுறமும் உப்பளம். அங்கே நிழல் கிடையாது, நிற்காமல் தாண்டுங்கள்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் பக்கம்தான். கடலூர் சிப்காட் வந்துவிட்டதைப் பலகை சொல்வதற்கு முன் மூக்கு சொல்லிவிடும். அதைக் கடந்து இடதுபுறம் பரங்கிப்பேட்டை, கிள்ளை வழியாகச் சிதம்பரம் வந்தால் பிரதான சாலையின் லாரித் தொல்லை இல்லை, பிச்சாவரமும் வழியிலேயே வருகிறது. சுரபுன்னைக் காட்டுக்குள் படகு போவது காலை நேரத்தில்தான் சுகம். மதியம் வந்து சேர்ந்தால் சிதம்பரத்தில் தங்கி மறுநாள் போய்வாருங்கள். சிதம்பரத்தில் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு கேளுங்கள். மற்ற ஊர்களில் அந்தப் பெயரில் வைப்பதை மறந்துவிடுவீர்கள்.

கொள்ளிடம் முதல் கோடியக்கரை வரை

எனக்கு இந்த வழியில் மிகப் பிடித்த பகுதி இது. கொள்ளிடத்தைத் தாண்டி சீர்காழியில் பெரிய சாலையை விட்டுவிடுங்கள். இடதுபுறம் பிரியும் திருவெண்காடு, பூம்புகார் சாலையில் போனால் ஒரு பக்கம் வயல், கொஞ்ச தூரத்தில் சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கடல். புறவழிச்சாலைகள் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் போட்டிருக்கிறார்கள், உங்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும் அவசரம் இல்லை.

தை, மாசி சம்பா அறுவடைக் காலம். பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். கல்லைத் தாண்டி நெல்மேல் ஏறினால் திட்டு நிச்சயம், அது நியாயமும்கூட. நெல்லைவிட வைக்கோல்தான் ஆபத்து. வண்டிகள் மிதித்துப் போகட்டும் என்று பரப்பி வைத்த தாள் பனியில் நனைந்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள், திருப்பாதீர்கள். காய்ந்த வைக்கோலோ பின்சக்கரப் பல்லுக்குள் சுற்றிக்கொண்டு கியரையே முறித்துவிடும். பெடல் கனமாவது தெரிந்த உடனே நிறுத்தி, சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுழற்றி, ஒவ்வொரு தாளாக உருவுங்கள். இழுத்து மிதித்துக் கடந்துவிடலாம் என்று பார்த்தால் பின்கியர் மாற்றி மாட்டியிருக்கும் கொக்கியே வளைந்துவிடும். அதைச் சரிசெய்ய ஆள் கிடைக்காது.

தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. சீகன்பால்கு பாதிரியார் 1706இல் வந்து இறங்கிய ஊரும் இதுதான். பிற்பகல் முழுவதையும் இங்கே செலவழிக்கலாம். தங்கக் காரைக்கால் இன்னும் பதினைந்து கிலோமீட்டர்தான். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. சில நண்பர்களுக்கு அதன் முக்கியத்துவத்தை விளக்கத் தேவையில்லை. அங்கே இரவு தங்கிய குழு மறுநாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பும் என்று நம்ப வேண்டாம். நல்லவேளையாக மறுநாள் குறுகிய நாள். நாகூர் தர்கா, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி எல்லாம் சேர்த்தே முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். நாகூரில் மாலையாக இருந்தால் வாடா சாப்பிட்டுவிட்டு நகருங்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் வேறெந்த இடத்தையும்விட அதிகமாக அடித்தது இந்தக் கரையைத்தான். நாகை மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,000க்கும் மேல். சாலையோரம் வரிசை வீடுகளாகத் தெரியும் குடியிருப்புகளில் பல அதற்குப் பிறகு எழுந்தவை. டீக்கடையில் உட்கார்ந்ததும் அதைப் பற்றிக் கிளறாதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

வேளாங்கண்ணியில் வார நாட்களில் அறை எளிதாகக் கிடைக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை இங்கிருந்து கடலைவிட்டு விலகி திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை போய்விடும். நீங்கள் அதில் போகாமல் நேர் தெற்கே வேதாரண்யம் போங்கள். சுமார் 45 கிலோமீட்டர். ஊரை ஒட்டி அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத்தூண் இருக்கிறது. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த இடம். அங்கிருந்து கோடியக்கரை வரை உப்பளத்தின் நடுவே வெட்டவெளிச் சாலை. காலை ஏழு மணிக்குள் போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். வெளிமான்களையும், குளிர்காலத்தில் வந்திறங்கும் பூநாரைகளையும் பார்க்க சரணாலயத்துக்குள் போக வேண்டுமானால் வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேட்டுக்கொண்டு போங்கள்.

கோடியக்கரையோடு கரை மேற்கே திரும்புகிறது. வாடைக்காற்று பெரும்பாலும் பக்கவாட்டிலும் பின்னாலும் இருக்கும். துளசியாப்பட்டினம், இடும்பாவனம் வழியாக முத்துப்பேட்டை வரை இந்தப் பயணத்திலேயே சுலபமான மிதி.

முத்துப்பேட்டை முதல் ராமநாதபுரம் வரை

முத்துப்பேட்டை அலையாத்திக் காடு தமிழ்நாட்டிலேயே பெரியது. பிச்சாவரத்தில் உள்ள கூட்டம் இங்கே இல்லை, வசதியும் இல்லை. வனத்துறை அனுமதியோடு படகில் லகூன் வரை போய்வர அரைநாள் ஆகும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அதிராம்பட்டினத்தில் தங்க இடம் அமையாவிட்டால் பட்டுக்கோட்டைக்குள் போய்விடுங்கள்; பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே. இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் இளங்கன்றுகள் வரிசையாக நிற்பதைக் காண்பீர்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பழைய மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனதன் மிச்சம் அது. மல்லிப்பட்டினம் அருகே மனோரா, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட தஞ்சை சரபோஜி மன்னர் கட்டிய எட்டு நிலைக் கோபுரம். வாட்டர்லூவுக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அதன் நிழலில் உட்கார்ந்து விவாதிக்கலாம்.

கட்டுமாவடியை எட்டு மணிக்குள் எட்டிப்பிடியுங்கள். மீன் வாடையைத் தாங்க முடியாதவர்கள்கூட அந்தச் சந்தைக்குள் ஒருமுறை நுழைய வேண்டும். கூடையைத் தரையில் கவிழ்த்த மறுநொடி ஏலம் ஆரம்பிக்கும். ஏலம் விடுபவர் தொகையை முணுமுணுப்பதுபோல் அடுக்கிக்கொண்டே போவார், சுற்றி நிற்பவர்கள் தலையை ஆட்டுவதுகூடத் தெரியாது, நண்டும் இறாலும் கைமாறிவிட்டிருக்கும். தலையில் சும்மாட்டோடு நிற்கும் பெண்கள்தான் பாதிக்குமேல் வாங்குகிறவர்கள். நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள். அவர்கள் அவசரம் ஐஸ் கரைவதற்குள் பஸ் பிடிக்கும் அவசரம். பாக் நீரிணைக் கரையில் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் கடலுக்குப் போவதில்லை. நீங்கள் போகும் நாளில் எந்தப் படகு கரை வரும் என்பதை முந்தின மாலையே டீக்கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி என்று போகும் நாள்தான் நீண்ட நாள். அதிராம்பட்டினத்தில் கிளம்பினால் மற்ற நாட்களைவிட நிறையவே மிதிக்க வேண்டும். காற்று பின்னால் இருக்கும் என்பதால் முடியும். வெள்ளிக்கிழமையில் வைத்துக்கொள்ளாதீர்கள், மதியத் தொழுகை நேரத்தில் கடைகள் அடைத்திருக்கும், சரியாக அப்போதுதான் பசிக்கும். தண்ணீர் கண்ட இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் குடிதண்ணீருக்கு மக்களே குடத்தோடு காத்திருக்கும் ஊர்கள் உண்டு. வீட்டு வாசலில் போய்க் கேட்டு வாங்கிக் கழுவுவதற்கும் கொப்பளிப்பதற்கும் ஊற்றாதீர்கள்.

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே உப்பூர் பிள்ளையாருக்குப் பெயர் வெயிலுகந்த விநாயகர். அந்த வெயிலை அவர் உகக்கட்டும், நீங்கள் பத்து மணிக்குள் கடந்துவிடுங்கள்.

ஊருக்குள்

"எங்கேருந்து தம்பி வர்றீங்க?"

"மெட்ராஸ்லேருந்துண்ணே."

"சைக்கிள்லயேவா? பந்தயமா, வேண்டுதலா?"

"ரெண்டும் இல்லண்ணே, சும்மாதான்."

"சும்மாவா!"

எல்லா ஊரிலும் இந்தப் பேச்சு நடக்கும். சும்மா போகிறோம் என்றால் யாருக்கும் நம்பிக்கை வராது. ராமேஸ்வரம் போகிறோம் என்று சொன்னால் கேள்வி அத்தோடு முடியும், டீக்குக் காசு வாங்க மறுப்பவர்களும் உண்டு.

மீனவர் ஊர்களில் கடற்கரை என்பது வேலை செய்யும் இடம். காயப்போட்ட வலையை மிதிக்காதீர்கள், சைக்கிளை அதன் குறுக்கே உருட்டாதீர்கள். பெடல் மாட்டி நாலு கண்ணி அறுந்தால் அதைக் கட்ட ஒருவர் மதியத் தூக்கத்தை விட வேண்டும். படகின்மேல் ஏறி உட்காருமுன் கேளுங்கள். சில கரைகளில் விடியற்காலையில் மணலில் நடப்பது இருதரப்புக்கும் சங்கடம். ஏழு மணிக்குமேல் போங்கள். ஊரில் தங்க இடம் வேண்டுமென்றால் நாகை, காரைக்கால் பக்கம் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கேட்பதுதான் முறை. மற்ற இடங்களில் கிராம நிர்வாக அலுவலர், பங்குத்தந்தை, ஜமாஅத்தார். முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபமும் கிடைக்கும். கடற்கரையில் கூடாரம் அடிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். வேதாரண்யம் முதல் ராமேஸ்வரம் வரை இலங்கைக்கு எதிர்க்கரை. இரவில் போலீஸ் வந்து எழுப்பி விசாரிப்பது அவர்கள் வேலை. ஆதாரைக் காட்டி, போகும் வழியைச் சொன்னால் விட்டுவிடுவார்கள். டிரோன் கொண்டுபோகவே வேண்டாம்.

பாம்பனும் அரிச்சல்முனையும்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர்தான் என்று அசட்டையாக இருக்காதீர்கள். இதுவரை தெற்கே தள்ளிய காற்று இங்கே முகத்துக்கு நேரே வரும், ஏனென்றால் சாலை கிழக்கே திரும்புகிறது. இந்த ஒரு நாள் வழக்கத்தைவிட அரைமணி முன்னால் கிளம்புங்கள். வரிசையாக ஒருவர் பின் ஒருவர் போய், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னவர் கடைசிக்கு வந்தால் காற்றின் பாரம் பகிர்ந்துவிடும்.

பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். பக்கக் காற்று சைக்கிளை அரையடி நகர்த்தும். சுற்றுலா வண்டிக்காரர்கள் நினைத்த இடத்தில் நிறுத்திக் கதவைத் திறப்பார்கள், அவர்களிடமிருந்து தள்ளியே ஓட்டுங்கள். ரயில் பாலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இறங்கி நடைமேடையில் ஏறிவிடுங்கள். 1914இல் வந்த பழைய பாலத்தின் பக்கத்தில், நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

ராமேஸ்வரத்தில் ஒரு இரவு தங்கி மறுநாள் விடியலில் அரிச்சல்முனை. போக இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் எச்சமும் வழியில் இருக்கின்றன. 2017இல் போட்ட தார்ச்சாலை முனைவரை போகிறது. ஒரு பக்கம் அமைதியான பெண் கடல், மறுபக்கம் பொங்கும் ஆண் கடல் என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். இரண்டிலும் முனைப்பக்கம் இறங்கிக் குளிக்காதீர்கள், இழுப்பு பலமானது. சாலையில் மணல் மேடிட்டிருக்கும் இடங்களில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடந்துவிடுங்கள். மாலையில் உள்ளே விடமாட்டார்கள், அதனால் மதியத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

திரும்பி வர ரயில்தான் வசதி. ராமேஸ்வரத்திலேயே புறப்படும் ரயில் என்பதால் சைக்கிளை ஏற்ற நேரம் கிடைக்கும். உங்கள் பயணச்சீட்டோடு பார்சல் அலுவலகத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, சாக்கால் சுற்றிக் கட்டி, இரண்டு இடத்தில் பெயரும் கைபேசி எண்ணும் எழுதி ஒட்டுங்கள். அதற்கு முன் நல்ல தண்ணீரில் முழுதாகக் கழுவிவிடுங்கள். பார்சல் பெட்டிக்குள் உப்போடு ஒரு ராத்திரி கிடந்தால் எழும்பூரில் இறக்கும்போது செயின் சிவந்திருக்கும். கருவாடு வாங்குவதாக இருந்தால் கடைசி நாளில் வாங்கி, சைக்கிளோடு கட்டாமல் கையில் கொண்டுபோங்கள்.